‘வெள்ளைச் சர்க்கரை இல்லை’ என்று விற்கும் பெட்டியை வாங்கும் முன் இதைப் படியுங்கள்

வீட்டில் யாருக்காவது சர்க்கரையை நிறுத்தச் சொல்லியிருந்தால், அதற்காக இயற்கை அங்காடிப் பக்கம் போக நினைத்திருந்தால், அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. மதுரையில் ஒரு கடையில் எங்கள் அம்மா ஏமாற்றப்பட்ட கதை இது. புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 6.1 வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். மாத்திரை வேண்டாம், இனிப்பை நிறுத்தி நடங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அம்மாவுக்கு டீயில் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை விழ வேண்டும், சாயங்காலம் பிஸ்கட் இல்லாமல் ஓடாது. அதையெல்லாம் விடுகிறேன் என்று அவரே மனமுவந்து இறங்கினார். அந்த நேரத்தில்தான் இந்தக் கடையைப் பற்றி யாரோ சொன்னார்கள்.

‘சர்க்கரைக்கு விடை கொடுங்கள்’ என்று ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். விலை 2,400 ரூபாய். உள்ளே கருப்பட்டிக் காபித் தூள், ராகி பிஸ்கட், பேரீச்சை உருண்டை, சத்துமாவு, ஒரு கிலோ கருப்பட்டி. “இதுல வெள்ளைச் சர்க்கரையே கிடையாதும்மா. சுகர் இருக்கிறவங்களே தாராளமா சாப்பிடலாம்” என்று கடைக்காரர் அம்மாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அம்மா அதை நம்பி, டீயை நிறுத்திவிட்டு அந்தக் காபியைக் குடித்தார். பிஸ்கட்டையும் உருண்டையையும் மருந்து மாதிரி நேரம் தவறாமல் சாப்பிட்டார். பெட்டி தீர்ந்ததும் மறுபடி வாங்கினோம். இனிப்பு வேண்டும் என்ற தவிப்பு மட்டும் குறையவே இல்லை. மூன்று மாதம் கழித்து வந்த எண் 6.6. அதாவது சர்க்கரை நோய்.

அன்று ராத்திரிதான் பிஸ்கட் பாக்கெட்டை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் கடையின் பச்சை ஸ்டிக்கர். பின்பக்கம் இன்னொரு வெள்ளை ஸ்டிக்கர், அதில் ‘ராகி, கருப்பட்டி, நெய்’ என்று மட்டும் இருந்தது. ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் உரித்தால் அடியில் தயாரிப்பாளர் அச்சடித்த பட்டியல்: கோதுமை மாவு, சர்க்கரை, பாமாயில், ராகி மாவு, இன்வர்ட் சிரப். உள்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட வேண்டும் என்பது சட்டம். ஆக, பிஸ்கட்டில் ராகியை விடச் சர்க்கரைதான் அதிகம். இன்வர்ட் சிரப்பும் சர்க்கரைப் பாகுதான்.

கருப்பட்டியை உடைத்துப் பார்த்தேன். உடைந்த இடத்தில் படிகம் படிகமாகப் பளபளத்தது. சீனிப் பாகு கலந்து காய்ச்சிய கருப்பட்டி இப்படி மின்னும் என்று திருச்செந்தூர் பக்கத்து உறவினர் சொன்னார். சீனி கிலோ ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது, நல்ல கருப்பட்டி அதைப் போலப் பல மடங்கு விலை. கலப்படம் நடப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் பளபளப்பு ஆய்வு அல்ல, சந்தேகம்தான். ஆய்வகம்தான் உறுதி சொல்ல முடியும்.

இதைவிடப் பெரிய ஏமாற்று, கருப்பட்டி அசலாகவே இருந்தாலும் அது சர்க்கரைதான் என்பதை மறைத்தது. பதநீரில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ் என்ற சர்க்கரை, சீனியில் இருப்பதும் அதே சுக்ரோஸ். பதநீரைக் காய்ச்சி இறுக்கினால் கொஞ்சம் தாதுக்கள் கூடுதலாகத் தங்கும், மணமும் ருசியும் வரும். அதற்காக ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. பனைத் தொழிலாளர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, கருப்பட்டி அருமையான பொருள். அதை நோயாளிக்கு ‘தாராளமாக’ என்று சொல்லி விற்பதுதான் அநியாயம்.

கடைக்குப் போய்க் கேட்டோம். “ஸ்டிக்கர் ஒட்டினது பையன், எனக்குத் தெரியாது. திறந்த பாக்கெட்டைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்றார். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டுதான் நீட்டினார். உறைகளைப் படம் எடுத்து, உரித்த ஸ்டிக்கரோடு உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பினேன். அலுவலர் வந்து மாதிரி எடுத்துப் போயிருக்கிறார்.

நீங்கள் வாங்கும்போது அச்சடித்த பில் கேளுங்கள். பாக்கெட்டில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க எண் இருக்கிறதா பாருங்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். சத்து அட்டவணையில் ‘மொத்தச் சர்க்கரை’, ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்று தனித்தனி வரி இருக்க வேண்டும். மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி) என்று இருந்தால் அதுவும் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். சந்தேகம் இருந்தால் கட்டணம் கட்டி நாமே ஆய்வுக்குக் கொடுக்கலாம், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. ஆனால் ஆய்வுக்கு அனுப்பப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நுகர்வோர் உதவி எண் 1915.

அம்மா இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். டீயில் சர்க்கரையை அரை ஸ்பூன், கால் ஸ்பூன் என்று குறைத்துக்கொண்டே வந்து, இப்போது சர்க்கரை இல்லாமலே குடிக்கிறார். ஆரம்பத்தில் தலைவலியும் எரிச்சலுமாக இருந்தது, அப்புறம் நாக்கு பழகிவிட்டது. சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். இதற்கு 2,400 ரூபாய்ப் பெட்டி தேவைப்படவில்லை.

அந்தப் பெட்டி கடையில் இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது. ஆய்வு முடிவு வந்ததும் எழுதுகிறேன்.