சாலிகிராமத்து மாடி ஸ்டூடியோ: ஆடிஷன் வீடியோவுக்கு 700 ரூபாய் கொடுக்கலாமா?

எனக்கு வயது 43. பகலில் மருந்து மொத்தக் கடையில் பில் போடுகிறேன். மூன்று வருடமாக அம்மா, அத்தை, டீச்சர் வேடங்களுக்கு ஆடிஷன் கொடுத்து வருகிறேன். முறையாக நடிப்புக் கற்க ஆசைதான். ஆனால் ந. முத்துசாமி 1977ல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழு மாதிரி இடங்களில் உடம்பையும் குரலையும் நாள் கணக்கில் பழக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு என்னால் அது முடியாது. அதனால்தான் ஆடிஷன் வீடியோ எடுத்துத் தரும் இந்த ஸ்டூடியோவைத் தேடிப் போனேன்.

அருணாசலம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், இரண்டாவது மாடியில் ஒரே அறை. ஒரு மணி நேரத்துக்கு 700 ரூபாய். லைட், மைக், சாம்பல் நிறத் திரை எல்லாம் வேறு இடங்களிலும் கிடைக்கும். இங்கே எதிர் வசனம் படிக்க ஓர் ஆள் இருக்கிறார். அந்த 700 ரூபாயை அவருக்காகவே கொடுக்கலாம்.

வீட்டில் எனக்கு எதிர் வசனத்தை மகள்தான் படிப்பாள். பாவம், பரீட்சைக்கு நடுவே வந்து பேப்பரைப் பார்த்து ஒப்பிப்பாள். அவள் முடிப்பதற்குள் நான் அடுத்த வரிக்குத் தாவிவிடுவேன்.

அன்று கையில் இருந்தது ஒன்றரைப் பக்கக் காட்சி. வேலை போனதை மறைத்துவிட்டு மகன் ராத்திரி வீட்டுக்கு வருகிறான். அம்மா, "சாப்பிட்டியா?" என்கிறாள். முதல் டேக்கில் குரலைக் குழைத்து, கண்ணில் தண்ணீர் வரவழைத்துக் கேட்டேன். எனக்குத் திருப்திதான். அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, கேட்டீங்க, சரி. நான் சொன்ன பதில் காதுல விழுந்துச்சா?" என்றார். விழவில்லை. "வெளியிலயே முடிச்சுட்டேம்மா" என்று அவர் சொன்ன நேரத்தில் என் மனதில் மூன்றாவது வரி ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த டேக்குக்கு என் கையில் ஓர் எவர்சில்வர் தட்டைக் கொடுத்தார். நான் கேட்டதும் உடனே பதில் சொல்லாமல் கொஞ்சம் தாமதித்தார். அந்த நேரத்தில் முந்தானையால் தட்டின் ஓரத்தைத் துடைத்தேன். பையன் பொய் சொல்கிறான் என்று எனக்கே பட்டது. அழுகை வரவே இல்லை. அந்த டேக்கைத்தான் அனுப்பினேன்.

மற்ற விஷயங்களையும் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். இன்ட்ரோவில் பெயர், வயது, உயரம், தெரிந்த மொழிகள் சொல்லும்போது மட்டும் லென்ஸைப் பார்க்க வேண்டும். அப்புறம் இடது பக்கம், வலது பக்கம் திரும்பிக் காட்ட வேண்டும். காட்சி தொடங்கியதும் லென்ஸை ஒட்டி நிற்கிறவரைத்தான் பார்க்க வேண்டும். பொடிக் கட்டம் போட்ட புடவை கேமராவில் அலையடிக்கும் என்று மாற்றச் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் மங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள் என்றார்கள். இத்தனை நாள் நான் மங்கலாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்பு ஒரு கோ-ஆர்டினேட்டர் பதிவுக் கட்டணம் என்று என்னிடம் 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனை எடுக்காமல் போனார். ஆடிஷனுக்கு யாரும் காசு கட்ட வேண்டியதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. இங்கே போட்டோ ஆல்பம் எடுங்கள், பேக்கேஜ் போடுங்கள் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்ப்பு வாங்கித் தருகிறோம் என்றும் சொல்லவில்லை. அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

குறைகளும் உண்டு. லிஃப்ட் கிடையாது. சத்தம் வரும் என்று டேக்கின்போது ஏசியை நிறுத்திவிடுகிறார்கள், பவுடரெல்லாம் வழிந்துவிடுகிறது. கீழே வெல்டிங் பட்டறை இருக்கிறது. அந்தச் சத்தத்தில் இரண்டு டேக் வீணானது. அதற்காக 15 நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். மாலை ஆறு மணிக்குப் பட்டறையை மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு நேரம் கேட்டு வாங்குங்கள்.

அந்த அம்மா வேடம் வேறொருவருக்குப் போய்விட்டது. ஆனால் வீடியோவைப் பார்த்த உதவி இயக்குநர் இன்னொரு வேடத்துக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார். நர்ஸ் வேடம், நான்கு வரி வசனம். வியாழக்கிழமை ஆறரை மணிக்கு மறுபடியும் அந்த மாடியில் நேரம் வாங்கியிருக்கிறேன்.