எச்சரிக்கை: ‘டேட்டா வரலன்னா காசே வேணாம்’ என்று சொல்லும் ஹார்டு டிஸ்க் சர்வீஸ் கடைகள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆறின பிறகு எழுதினால் பூசி மெழுகிவிடுவேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். ஹார்டு டிஸ்க்கிலிருந்து டேட்டாவை எடுத்துத் தருகிறேன் என்று என் மாதச் சம்பளத்தில் பாதியை வாங்கிக்கொண்டார்கள். உயிரோடு கொடுத்த டிஸ்க்கைப் பிணமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கடைப் பெயர் போடவில்லை. கம்ப்யூட்டர் சர்வீஸ், லேப்டாப் சர்வீஸ், அதற்குக் கீழேயே ‘டேட்டா ரெக்கவரி’ என்றும் பலகை வைத்திருக்கும் ரகம், அவ்வளவுதான்.

கொடுக்கும்போது டிஸ்க் எப்படி இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்தால் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நிற்கும். ஸ்மார்ட் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் கணக்கு அது. அதில் 197-ம் எண், அதாவது படிக்க முடியாமல் கிடப்பில் இருக்கும் செக்டர்கள் (டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் சின்னச் சின்னத் துண்டுகள்), ஏறிக்கொண்டே போனது. 199 ஏறியிருந்தால் கேபிள் கோளாறு என்று கேபிளை மாற்றிப் பார்த்திருப்பேன். அது பூஜ்யம். ஆக டிஸ்க்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடும் பயாஸ் திரையில் டிஸ்க் தெரிந்தது, கொள்ளளவு சரியாகக் காட்டியது, கிளிக் சத்தம் துளியும் இல்லை. சீரியல் நம்பரோடு அந்தத் திரையைப் போனில் படமெடுத்தும் வைத்திருந்தேன்.

கடையில் இருந்தவர் டிஸ்க்குக்கு மின் இணைப்பு கொடுத்து, காதோரம் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பாரே, அதே பாவனை. “ஹெட் நல்லா இருக்கு சார். வெறும் பேட் செக்டர்தான். முதல்ல இமேஜ் எடுத்துடுவோம், அப்புறம்தான் மத்ததெல்லாம்” என்றார். (ஹெட் என்பது தட்டிலிருந்து டேட்டாவைப் படிக்கும் முனை, பேட் செக்டர் என்பது கெட்டுப்போன செக்டர்.) நான் நம்பியது ‘இமேஜ்’ என்ற அந்த ஒரு வார்த்தையால்தான். போய்க்கொண்டிருக்கும் டிஸ்க்கில் முதலில் செய்ய வேண்டியது அதுவேதான்: செக்டர் செக்டராக வேறொரு நல்ல டிஸ்க்குக்கு முழு நகல். டிடிரெஸ்க்யூ மாதிரியான நிரல்கள் சுலபமாக வருவதை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பும். விஷயம் தெரிந்தவர் என்று நினைத்தேன். “டேட்டா வரலன்னா காசே வேணாம் சார், பார்ட்ஸுக்கு மட்டும் அட்வான்ஸ்” என்றார். மாதச் சம்பளத்தில் பாதி. எண்ணிக் கொடுத்தேன். ரசீதில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

அதோடு கிணற்றில் போட்ட கல். போன் செய்தால் “ஓடிட்டிருக்கு சார்”. நேரில் போனால் “என்ஜினியர் லீவு”. பிறகு “லேப்புக்கு அனுப்பியிருக்கோம்”. எந்த லேப் என்று கேட்டால் “அதெல்லாம் வெளிய சொல்ல மாட்டோம் சார்”. கடைசியில் அவர்களே கூப்பிட்டு, டிஸ்க் முடிஞ்சுபோச்சு, வந்து எடுத்துக்கோங்க என்றார்கள்.

வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். லேபிளின் நடுவே ஒரு ஓட்டை. லேபிளுக்கு அடியில் மறைந்திருக்கும் திருகைக் கழற்றக் குத்திய ஓட்டை அது. மூடியின் ஓரத்து நட்சத்திரத் திருகுகளில் இரண்டின் தலை வழுக்கி, புதுக் கீறல் பளபளத்தது. திறந்திருக்கிறார்கள்! அந்த மேஜையில், ஃபேன் சுற்றுகிற அதே அறையில். நிமிடத்துக்கு 5400, 7200 முறை சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிற ஹெட் அது, தூசு அதைவிடப் பல மடங்கு பெரிது. வடிகட்டிய காற்றுள்ள சுத்த அறையில்தான் மூடியைத் தொடவே வேண்டும். வெறும் பேட் செக்டர் என்று சொன்ன டிஸ்க்கை எதற்காகத் திறந்தார்கள்? இமேஜ் எடுத்தார்களா என்றால் அதற்கும் பதில் இல்லை.

இப்போது கரண்ட் கொடுத்தால் டக், டக், டக். அவ்வளவுதான். “நீங்க கொடுக்கும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு” என்கிறார். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். “அது வேற டிஸ்க்கா இருக்கும்.” சீரியல் நம்பரைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். உடனே, “பேக்கப் வச்சிருக்கணும் சார்.” பேக்கப் இருந்தால் நான் ஏன் உன் கடை வாசலில் நிற்கப்போகிறேன்? அட்வான்ஸைக் கேட்டால் “பார்ட்ஸுக்குப் போட்டது திரும்பாது”. என்ன பார்ட்ஸ், எடுத்துக் காட்டு என்றால், மறுபடியும் லேப்பில் இருக்கிறதாம். மாதச் சம்பளத்தில் பாதி, இல்லாத ஒரு லேப்புக்கு!

பணத்தையாவது சம்பாதித்துக்கொள்ளலாம். மாணவர்களுக்காக வருஷக்கணக்காக உட்கார்ந்து தயாரித்த பாடக் குறிப்புகள், வினாத்தாள்கள், படம் போட்டு விளக்கிய விடைகள், எல்லாம் அதில் இருந்தது. பரீட்சை நேரம் இது. பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் திணறினால், பிழைகளைச் சரிசெய்ய விண்டோஸில் இருக்கும் செக்டிஸ்க் நிரலை ஓட்டாதீர்கள், அது பழுதான டிஸ்க்கிலேயே போய் எழுதும். கிளிக் சத்தம் வந்தால் உடனே கரண்ட்டை நிறுத்துங்கள், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். கொடுக்கும் முன் லேபிளையும் திருகுகளையும் ஸ்மார்ட் அறிக்கையையும் படமெடுங்கள். ‘என்னைக் கேட்காமல் திறக்கக் கூடாது’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால், பழைய போர்டின் ரோம் சிப்பையும் (அந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் இருக்கும் சிப்) புதுப் போர்டுக்கு மாற்றுவீர்களா என்று கேளுங்கள், முழிப்பவரிடம் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் எதற்கு என்பது ரசீதில் இல்லாவிட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அந்தப் பாதிச் சம்பளத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார் எழுதி, படங்களையும் ரசீதையும் சேர்த்து வைத்துவிட்டேன். நாளைக்குக் கொடுக்கப் போகிறேன்.