வங்க நாவல்களோடு நெடுநாள் புழக்கம்: காதலைவிட அடுக்களை பெரிது

சரத்சந்திரர், தாகூர், பங்கிம் சந்திரர் ஆகியோரின் நாவல்களைக் கல்லூரிக் காலத்திலிருந்தே தமிழில் படித்து வருகிறேன். புத்தகம் வந்த சூட்டில் எழுதும் மதிப்புரை ஒரு வகை. பல வருஷம் அலமாரியில் வைத்துத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்த பிறகு எது தாங்கியது, எது நைந்துபோனது என்று சொல்வது இன்னொரு வகை. இது இரண்டாவது.

முதலில் நைந்தது காதல் வசனங்கள்தான். கண்ணீர், பெருமூச்சு, சொல்லாமலே பிரிவது எல்லாம் மூன்றாம் வாசிப்பில் கொஞ்சம் அலுக்கின்றன. ஆனால் அந்தக் காதலைச் சுற்றி யார் கையால் யார் சாப்பிடலாம், யார் தொட்ட தண்ணீரை யார் குடிக்கலாம் என்று ஒரு கணக்கு ஓடுகிறதே, அது ஒவ்வொரு தடவையும் புதிதாக உறைக்கிறது. வங்க நாவலில் காதல் ஜெயிக்குமா தோற்குமா என்பதை அடுக்களையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று இப்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.

'தேவதாஸ்' (1917) நமக்குப் படமாகத்தான் அதிகம் தெரியும். 1953இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்தது. நாவலில் தேவதாஸும் பிராமணன், பார்வதியும் பிராமணப் பெண். அப்புறம் என்ன தடை? பார்வதி வீட்டார் பெண்ணுக்குப் பணம் வாங்கிக் கட்டிக்கொடுக்கும் வகையறா. போதாததற்கு அடுத்த வீடு வேறு. ஜமீன்தார் குடும்பத்துக்கு அது கௌரவக் குறைச்சல். ஒரே சாதிக்குள்ளேயே இத்தனை படிக்கட்டு! நாவலின் கடைசிப் பக்கம் இன்னும் கொடுமை. பார்வதி வாழ்க்கைப்பட்ட ஊரில் செத்துக் கிடப்பவன் பிராமணன் என்று தெரிந்தும் ஊரில் ஒருவரும் உடலைத் தொடுவதில்லை. சண்டாளர்கள் வந்து கட்டித் தூக்கிப்போய், ஒரு வற்றிய குளத்தங்கரையில் பாதி எரித்துப் போட்டுவிடுகிறார்கள். குடிகாரக் காதலனின் கதை என்று இதை நினைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படிக்க வேண்டும்.

'கோரா' (1910) இந்த வரிசையில் ரொம்ப நாள் உழைக்கிற புத்தகம். ஹாரன் பாபு என்ற பாத்திரம் வாதம் செய்யும் பக்கங்களை நான் இப்போது தாண்டிப் போய்விடுகிறேன், ஒன்றும் குறைந்துவிடுவதில்லை. கோரா கடும் ஆசாரக்காரன். பெற்றவளாக நினைக்கும் ஆனந்தமயியின் அறையில் அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான், அங்கே லச்மியா என்ற கிறிஸ்தவ வேலைக்காரி இருக்கிறாள் என்பதால். சின்ன வயதில் அவனுக்கு அம்மை போட்டபோது பார்த்துப் பார்த்துப் பிழைக்கவைத்தவள் அதே லச்மியாதான். பிறகு அவன் கிராமம் கிராமமாக நடக்கிறான். ஓர் ஊரில் ஒரு நாவிதர், தகப்பன் சிறைக்குப் போன முஸ்லிம் பையனைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கிறார். கூட வந்தவன் அங்கே தண்ணீர் குடிக்க மறுக்கிறான். ஆசாரப்படி தங்க வேண்டிய இடம், குடியானவர்களை வதைக்கும் பிராமணக் குமாஸ்தாவின் வீடு. கோரா உச்சி வெயிலில் நாவிதர் வீட்டுக்கே திரும்பி நடக்கிறான். இந்த ஒரு நடையில் மதமும் வர்க்கமும் எதிரெதிரே நிற்கிற மாதிரி நான் வேறெங்கும் படித்ததில்லை.

கடைசியில் தான் 1857 கலகத்தின்போது பிறந்த ஐரிஷ்காரன் மகன் என்று கோராவுக்குத் தெரியவருகிறது. (நூறு வருஷம் தாண்டிய நாவல், முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம்.) உடனே அவன் கேட்பது என்ன? லச்மியாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொல் என்கிறான்.

அதே நாவலில் பினய், லலிதா காதல் ஏன் அவ்வளவு இழுக்கிறது என்பதற்கு ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். உருவ வழிபாட்டை ஒதுக்கிய வங்கச் சீர்திருத்தச் சபையான பிரம்ம சமாஜத்தார் கேட்டு வாங்கிய 1872ஆம் வருஷத்துத் திருமணச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்வதானால், தான் இந்து மதத்தைப் பின்பற்றவில்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். பினய் இந்து, லலிதா பிரம்ம சமாஜக் குடும்பம். யார் எதை விட்டுக்கொடுப்பது? இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த அத்தியாயங்கள் தத்துவ விவாதமாகத் தெரியாது. கல்யாணப் பேச்சின் பதற்றம் தெரியும்.

சரத்சந்திரரின் 'கிரகதாகம்' (1920) எல்லோருக்கும் நான் சிபாரிசு செய்வதில்லை. பிரம்ம சமாஜப் பெண் அசலா, கணவன் மகிம், அவன் நண்பன் சுரேஷ் என்று மூச்சுமுட்டும் முக்கோணம். ஆனால் சோன் நதிக்கரை டெஹ்ரியில் ஒரு கிழவர் வருவார். அசலாவை மகள் போல் நினைத்து அவள் கையால் சாப்பிடுவார். அவள் சுரேஷின் மனைவி இல்லை என்று தெரிந்ததும், அவளை அப்படியே நிராதரவாக விட்டுவிட்டுக் காசிக்குப் பிராயச்சித்தம் தேடிப் போய்விடுவார். கெட்டவரே இல்லை அவர். அதுதான் நம்மைத் தூங்கவிடாது.

'ஸ்ரீகாந்தன்' நான்கு பாகம், 1917 முதல் 1933 வரை வந்தது. மூன்றாம் பாகத்தில் அவன் காதலி ராஜலட்சுமிக்கு விரதமும் பூஜையும் கூடக்கூட, ஸ்ரீகாந்தனுக்கும் அவளுக்கும் இடையே தூரமும் கூடுகிறது. அலுப்பூட்டும் பாகம்தான், ஆனாலும் உண்மையான பாகம். நான்காவதில் முஸ்லிம் கவிஞன் கஹரும் வைஷ்ணவ மடத்துப் பெண் துறவி கமலலதாவும். சாகக் கிடக்கும் அவனைப் போய்க் கவனித்துக்கொண்டாள் என்பதற்காக மடத்தில் அவளுக்கு இடமில்லாமல் போகிறது. நான்கு பாகத்தில் எனக்கு மிஞ்சியது அவர்கள் இருவரும்தான்.

குறை சொல்லாமல் இருக்க முடியாது. விதவை மறுமணச் சட்டம் 1856இலேயே வந்துவிட்டது. நாவலாசிரியர்களுக்கு மட்டும் அந்தத் தகவல் போய்ச் சேரவே இல்லை போலிருக்கிறது! பங்கிம் சந்திரரின் குந்தநந்தினி மறுமணம் செய்துகொண்டு விஷம் குடிக்கிறாள். அவருடைய இன்னொரு விதவை ரோகிணி துப்பாக்கியால் சுடப்படுகிறாள். தாகூரின் பினோதினி, தானாகக் கேட்டு வந்தவனையும் மறுத்துவிட்டுக் காசிக்குப் போகிறாள். சரத்சந்திரரின் 'பல்லி சமாஜ'த்து ரமாவுக்கும் கடைசியில் காசிதான். கையில் பேனா இருந்தும் ஒரு விதவையைக் குடித்தனம் வைத்துப் பார்க்க இவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை என்பதே என் எண்ணம். வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள் என்ற பயமும் இருந்திருக்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நாவலை விட்டுவிட்டு சரத்சந்திரரின் இரண்டு சிறுகதைகளைத்தான் கொடுப்பேன். 'மகேஷ்' கதையில் நெசவாளி கஃபூரின் மகள் அமீனா நீர்நிலையைத் தொடக்கூடாது, யாராவது இரங்கி ஊற்றும்வரை எட்டி நிற்க வேண்டும். 'அபாகியின் சொர்க்கம்' கதையில் தாழ்த்தப்பட்ட சாதிக்காரி ஒருத்தி தான் நட்ட மரத்திலேயே சிதைக்கு விறகு கிடைக்காமல் போகிறாள். இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் படித்துவிடலாம். அப்புறம் 'பல்லி சமாஜம்', அப்புறம் 'கோரா'.

தமிழ்ப் பதிப்புகளில் த.நா. குமாரஸ்வாமி வங்க மொழியிலிருந்து நேரடியாகச் செய்தவை இன்றும் நன்றாக ஓடுகின்றன. மலிவுப் பதிப்புகள் சிலவற்றில் கதையைச் சுருக்கிவிடுகிறார்கள், அட்டையில் அதைச் சொல்வதும் இல்லை. வாங்கும் முன் பக்க எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆசிரியர்களிடம் முஸ்லிம் வீட்டு அடுக்களைக்குள் போவது அபூர்வம். அதற்கு அதீன் பந்த்யோபாத்யாயரின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' இருக்கிறது, சு. கிருஷ்ணமூர்த்தி மொழிபெயர்ப்பில். பிரிவினைக்கு முந்தைய கிழக்கு வங்கம். ஓர் ஆங்கிலப் பெண்ணைக் காதலித்ததைத் தந்தை தடுத்துவிட, புத்தி பேதலித்து அலையும் மணீந்திரநாத். சிறுவன் சோனாவும் முஸ்லிம் சிறுமி பாத்திமாவும். பசி தாங்காமல் ஏரியில் கிழங்கு தேடி இறங்கும் ஜாலாலி. தொடக்கத்தில் பெயர்கள் குழப்பும். ஒரு தாளில் குடும்பம் குடும்பமாக எழுதி வைத்துக்கொண்டு படித்தால் சுலபம்.