"ஹவுசிங் மாஸ்டர்ஸ் படித்தால் யுகேயில் வேலை உறுதி" என்று விற்கிறார்கள்: டெபாசிட் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கன்சல்டன்சிகள் சொல்லும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். "கிரென்ஃபெல் தீ விபத்துக்கு அப்புறம் அங்கே சட்டமே மாறிடுச்சு. சோஷியல் ஹவுசிங்கில் வேலை பார்க்க இனிமே தகுதி கட்டாயம். ஆள் கிடைக்காமல் தவிக்கிறாங்க. ஒரு வருஷ எம்எஸ்சி, அப்புறம் ஸ்பான்சர்ஷிப்." இதை நம்பிப் போனவர்கள் படிப்பு முடிந்த பிறகு வந்து சொல்லும் புகார்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. விற்கிறவர்கள் முழுப்பொய் சொல்வதில்லை, அதனால்தான் விவரம் தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள். சட்டம் மாறியது உண்மை. அது யாருக்கு, எந்த அளவுக்கு என்பதைத்தான் மறைக்கிறார்கள்.

சோஷியல் ஹவுசிங் என்பது கவுன்சில்களும் ஹவுசிங் அசோசியேஷன்களும் குறைந்த வாடகைக்கு விடும் வீடுகள். அப்படிப்பட்ட அடுக்குமாடிக் கட்டிடமான லண்டன் கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14 அன்று பற்றிய தீயில் 72 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து வந்ததுதான் 2023-ஆம் ஆண்டின் சோஷியல் ஹவுசிங் ரெகுலேஷன் சட்டம். அதன்கீழ் வரும் தகுதி, நடத்தைத் தரநிலை 2026 அக்டோபரில் நடைமுறைக்கு வருகிறது. அது தகுதி கேட்பது இரண்டு வகையினரிடம் மட்டும். மூத்த ஹவுசிங் மேனேஜர்களுக்கு லெவல் 4 (லெவல் என்பது அங்கே படிப்பின் படிநிலை, இளநிலைப் பட்டம் லெவல் 6). மூத்த எக்சிகியூட்டிவ்களுக்கு லெவல் 5 அல்லது ஃபவுண்டேஷன் டிகிரி. மாஸ்டர்ஸ் என்பது லெவல் 7. அதைச் சட்டம் யாரிடமும் கேட்கவில்லை. வாடகைதாரர் வீட்டுக் கதவைத் தட்டும் சாதாரண ஹவுசிங் ஆபீசர் இந்தக் கட்டாயத்துக்குள் வரவே மாட்டார். இங்கிலாந்துக்கு மட்டுமான விதி இது, ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தாது. ஆயிரம் வீடுகளுக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு மூன்று வருடமும், அதற்குக் குறைந்தவற்றுக்கு நான்கு வருடமும் அவகாசம் தந்திருக்கிறார்கள். ஏற்கெனவே பதவியில் இருப்பவர்களைப் பகுதிநேரமாகப் படிக்க வைக்கத்தான் அந்த அவகாசம். "ஆள் பற்றாக்குறை" என்று உங்களிடம் சொல்லப்படுவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

விசா விஷயத்தில்தான் பெரிய அடி. நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் வேலை விசாவான ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குப் புதிதாக வருகிறவரின் வேலை 2025 ஜூலை 22 முதல் பட்டதாரி நிலையில், அதாவது லெவல் 6-இல் இருக்க வேண்டும். பொதுவான சம்பள வரம்பு 41,700 பவுண்ட். படிப்பு முடித்தவர்கள் அங்கேயே தங்கி வேலை பார்க்கத் தரும் கிராஜுவேட் விசாவிலிருந்து மாறுகிறவர்கள் போன்ற புதியவர்களுக்கு 33,400. விற்கிறவர்கள் இந்த 33,400-ஐ மட்டும் காட்டி, "ஹவுசிங் ஆபீசருக்கு இந்தச் சம்பளம் வருமே" என்பார்கள். சம்பளம் வரலாம். ஆனால் ஹவுசிங் ஆபீசர் என்ற தொழில் குறியீடான 3223 லெவல் 6-க்குக் கீழே வகைப்படுத்தப்பட்டது. விலக்குத் தரும் தற்காலிகப் பற்றாக்குறைப் பட்டியலிலும் அது இல்லை. சம்பளம் எவ்வளவு ஏறினாலும் அந்தக் குறியீட்டில் புதிதாக ஸ்பான்சர் செய்ய வழியில்லை. நீங்கள் மாஸ்டர்ஸ் படித்திருப்பதும் இதை மாற்றாது, ஏனென்றால் பார்க்கப்படுவது வேலையின் நிலை, உங்கள் படிப்பின் நிலை அல்ல. "ஸ்பான்சர் லைசென்ஸ் வைத்திருக்கும் ஹவுசிங் அசோசியேஷன்கள்" என்று ஒரு பட்டியலை நீட்டுவார்கள். லைசென்ஸ் இருக்கும்தான். அதை எந்த வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

படிப்பு முடிந்ததும் ஸ்பான்சர் இல்லாமல் வேலை பார்க்க வழக்கமான வழி கிராஜுவேட் விசா. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிற மாஸ்டர்ஸ் பட்டதாரிகளுக்கு அது இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. இந்த விசாவுக்கு ஒரு வருடக் கணக்கில் 1,035 பவுண்ட் சுகாதாரக் கட்டணம் தனி.

இதிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது, இதை ஏஜென்டுகளே பலர் கவனிப்பதில்லை. ஹவுசிங் படிப்புகள் பலவும் போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமாவாகத் தொடங்கும். டிப்ளமா 120 கிரெடிட், மேலே 60 கிரெடிட் டிசர்டேஷன் எழுதினால்தான் 180 ஆகி எம்எஸ்சி. டிசர்டேஷனில் தோற்று டிப்ளமாவோடு வெளியே வந்தால் கிராஜுவேட் விசா கிடையாது. ஆஃபர் லெட்டரிலும், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதிச் சான்றான சிஏஎஸ்-இலும் எந்தப் பட்டம் எழுதியிருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தனியார் கல்லூரி தரும் "லெவல் 7 டிப்ளமா" இன்னும் மோசம். நிலை மாஸ்டர்ஸுக்குச் சமம் என்பார்கள். நிலை வேறு, பட்டம் வேறு. "ஆஃப்குவால் அங்கீகரித்த எம்எஸ்சி" என்று விளம்பரத்தில் பார்த்தால் அந்த இடத்திலேயே விலகிவிடலாம். ஆஃப்குவால் என்பது பள்ளித் தேர்வுகள், தொழிற்தகுதிகளுக்கான இங்கிலாந்தின் கண்காணிப்பு அமைப்பு, அது டிகிரிகளை ஒழுங்குபடுத்துவதே இல்லை.

சரி, படிப்பாவது உண்மையானதா? பெயரில் "ஹவுசிங்" இருக்கும், உள்ளே ரியல் எஸ்டேட் இருக்கும். மாட்யூல் பட்டியலை வாங்கிப் பாருங்கள். சொத்து மதிப்பீடு, புராஜெக்ட் ஃபைனான்ஸ், நகரமைப்பு, "ஸ்டிராட்டஜிக் லீடர்ஷிப்" என்று மட்டும் ஓடினால் அது வேறு துறைக்கான படிப்பு, பலகை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். சோஷியல் ஹவுசிங் வேலை என்பது வாடகை பாக்கி, வீடு ஒதுக்கீடு, பழுது, காலி வீடுகளைத் திரும்ப வாடகைக்கு விடுவது, அக்கம்பக்கத் தொல்லை, வீடற்றோர் விண்ணப்பம் இவற்றோடு மல்லுக்கட்டுவது. அதற்குரிய பாடத்தில் கவுன்சில் குடியிருப்பு உரிமைக்கு 1985 ஹவுசிங் சட்டமும், அசோசியேஷன் குடியிருப்புக்கு 1988 சட்டமும், ஒதுக்கீட்டுக்கும் வீடற்றோருக்கும் 1996 சட்டத்தின் ஆறாம், ஏழாம் பகுதிகளும், 2017 ஹோம்லெஸ்னெஸ் ரிடக்ஷன் சட்டமும் இருக்க வேண்டும். சோஷியல் ஹவுசிங் ரெகுலேட்டரின் நான்கு நுகர்வோர் தரநிலைகள் 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. நிறுவனங்களுக்கு சி1 முதல் சி4 வரை தர வரிசை போடுவது அவற்றை வைத்துத்தான். வாடகைதாரர் திருப்தி அளவீடுகள் 22 உண்டு, அவற்றில் 12 கருத்துக் கணிப்பிலிருந்தும் 10 நிறுவனப் பதிவுகளிலிருந்தும் வருபவை. ராச்டேலில் பூஞ்சை பிடித்த வீட்டில் வாழ்ந்து 2020-இல் இறந்த இரண்டு வயதுக் குழந்தையின் பெயரிலானது, ஈரம், பூஞ்சை போன்ற ஆபத்துகளைக் குறித்த காலத்துக்குள் சரிசெய்யச் சொல்லும் அவாப் சட்டம். அதன் முதல் கட்டம் 2025 அக்டோபர் 27-இல் வந்தது. இவை எதுவும் பாடத்தில் இல்லையென்றால், நேர்முகத் தேர்வில் "ஈரமும் பூஞ்சையும் என்று புகார் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்ற முதல் கேள்வியிலேயே விழி பிதுங்கும்.

அடுத்து அங்கீகாரம். இந்தத் துறையின் தொழில்முறை அமைப்பு சார்ட்டர்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹவுசிங், சுருக்கமாக சிஐஎச். விளம்பரத்தில் அதன் பெயரைப் பார்த்தவுடன் மயங்கிவிடாதீர்கள். ஆசிரியர் ஒருவர் சிஐஎச் உறுப்பினர் என்பதை "சிஐஎச் தொடர்புள்ள படிப்பு" என்று எழுதியிருப்பார்கள். மாணவர்கள் தனியாக அதில் உறுப்பினராகச் சேர்வதையும் அங்கீகாரம் போலக் காட்டுவார்கள். உண்மையான அங்கீகாரம் குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் குறிப்பிட்ட படிப்புக்கு உரியது. அதே பல்கலைக்கழகப் பெயரில் ஒரு துணை ஒப்பந்தக் கல்லூரி வேறு ஊரில் நடத்தும் வகுப்புக்கு அது தானாகத் தொற்றிக்கொள்ளாது. படிப்பின் முழுப்பெயர், பட்டத்தின் பெயர், வளாகம், முழுநேரமா பகுதிநேரமா, எந்த ஆண்டுச் சேர்க்கை என்ற ஐந்தையும் எழுதி சிஐஎச்-க்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஏஜென்டின் வாட்சப் பதில் எதற்கும் உதவாது.

அங்கீகாரம் உள்ள நல்ல படிப்பிலும் ஒரு சிக்கல். அவற்றில் கணிசமானவை ஏற்கெனவே ஹவுசிங்கில் வேலை பார்ப்பவர்களுக்காக, பகுதிநேரமாகவோ தொலைநிலையிலோ அமைக்கப்பட்டவை. வேலையிடத்தில் செய்து காட்ட வேண்டிய பகுதி இருக்கும், அந்த வேலையிடம் உங்களிடம் இருக்காது. தொலைநிலைப் படிப்புக்கு ஸ்டூடன்ட் விசா வராது. பகுதிநேர மாஸ்டர்ஸுக்கு விசா கிடைத்தாலும் வேலை பார்க்க அனுமதி இல்லை. முழுநேரம் என்றால் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம். அலுவலக நேரத்தில் நடக்கும் ஹவுசிங் வேலைக்குள் அந்த 20 மணியைப் பொருத்துவது எளிதல்ல. அனுபவம் சேர்த்துக்கொண்டே படிக்கலாம் என்ற பேச்சு பெரும்பாலும் உணவகத்திலோ கிடங்கிலோ போய் முடிகிறது. டாட் மாஸ்டர்ஸ் எனப்படும் வகுப்பு வழிப் படிப்புக்குத் துணைவரையும் குழந்தைகளையும் அழைத்துப் போக முடியாது என்பதும் 2024 ஜனவரி முதல் விதி. இன்னும் சிலர் "முடியும்" என்றே சொல்லிப் பணம் வாங்குகிறார்கள்.

பணம். பல்கலைக்கழகம்தான் ஏஜென்டுக்குக் கமிஷன் தருகிறது. உங்களிடமும் "புராசசிங்" என்று பெரிய தொகை கேட்டால் இரண்டு பக்கமும் கறக்கிறார் என்று அர்த்தம். ஸ்டூடன்ட் விசாவுக்குக் கையில் பணம் இருப்பதாகக் காட்டும் செலவுக் கணக்கில் லண்டனுக்கு மாதம் 1,529, வெளியே 1,171 பவுண்ட் வீதம் ஒன்பது மாதம் வரை காட்ட வேண்டும். முழுதாக என்றால் 13,761 அல்லது 10,539. அது தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். "நாங்களே பணம் போட்டுக் காட்டுறோம், கமிஷன் கொடுங்க" என்பவரிடம் மாட்டாதீர்கள். போலி ஆவணம் என்று முடிவானால் பத்து வருடம் வரை நுழைவுத் தடை வரும், வருவது ஏஜென்டுக்கு அல்ல. அசல் சான்றிதழ்களையும், விண்ணப்பத்துக்கான மின்னஞ்சல் கணக்கையும் அவர் கையில் விடவே கூடாது. பல்கலைக்கழகம் அனுப்பும் ரீஃபண்ட் நிபந்தனைகள் அந்தக் கணக்குக்குத்தான் வரும், நீங்கள் பார்க்காமலேயே "ஏற்கிறேன்" என்று அழுத்திவிடுவார்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் முதலில் ஆஃபரை ஏற்ற தேதியைப் பாருங்கள். தொலைவிலிருந்து செய்த ஒப்பந்தத்துக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் நிபந்தனையில் 14 நாள் ரத்து உரிமை இருக்கும். அது தாண்டியிருந்தால், படிப்பு விளம்பரப் பக்கத்தைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள், பின்னால் மாற்றிவிடுவார்கள். சொன்னதற்கும் நடத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை மாட்யூல் வாரியாக எழுதிப் பல்கலைக்கழகத்தின் முறையான புகார்ப் பிரிவுக்கு அனுப்புங்கள். இழுத்தடித்தாலும் விடாமல் இறுதிக் கடிதம் வாங்குங்கள். "கம்ப்ளீஷன் ஆஃப் புரொசீஜர்ஸ்" கடிதம் என்று கேட்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் படிக்கும் மாணவர்கள் ஓஐஏ எனும் சுயேச்சையான தீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். மாணவருக்குக் கட்டணம் இல்லை. ஸ்காட்லாந்தில் இதே வேலையைச் செய்வது எஸ்பிஎஸ்ஓ எனும் பொதுச்சேவைக் குறைதீர்ப்பு அலுவலகம்.

யுகேயில் ஏற்கெனவே வேலை உரிமையோடு இருக்கும் தமிழர்களுக்கு இந்தக் கணக்கே தலைகீழ். வாடிக்கையாளர் சேவை, வாடகை வசூல், வீடு ஒதுக்கீடு இவற்றில் ஏதாவது ஒன்றில் முதலில் உள்ளே நுழையுங்கள். லெவல் 3, லெவல் 4 படிப்புக்குப் பல நிறுவனங்கள் தாமே பணம் கட்டும். மாஸ்டர்ஸ் வேண்டுமா என்பதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.