வெயிலில் முள் ஓடினால் மட்டும் நம்பி லைட் மீட்டர் வாங்காதீர்கள்

வளைகுடாவிலிருந்து ஜார்ஜியாவுக்குச் சுற்றுலா போகிற நம் ஆட்கள் இப்போது நிறைய. ஃபிலிம் கேமரா பைத்தியம் உள்ளவர்கள் திபிலிசியில் டிரை பிரிட்ஜ் சந்தையை விடமாட்டார்கள். பாலத்தை ஒட்டி சோவியத் பதக்கங்கள், ஜெனிட், ஃபெட், சோர்க்கி கேமராக்கள் என்று விரித்து வைத்திருப்பார்கள். கேமராவுக்கு அடுத்து எல்லாருடைய கையும் போவது வெளிச்சத்தை அளந்து சொல்லும் லைட் மீட்டருக்கு. அதில்தான் என்னை ஏமாற்றினார்கள். விற்றவருக்கே விஷயம் தெரியாமல் இருந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். திறந்து பார்த்தபின் அப்படி நினைக்க வழியில்லை.

வாங்கியது லெனின்கிராட்-4 என்ற சோவியத் மீட்டர். பேட்டரி கிடையாது. செலினியம் தகட்டில் வெளிச்சம் பட்டதும் உண்டாகும் துளி மின்னோட்டமே முள்ளை நகர்த்தும். தோல் உறை, பெட்டி, ரஷ்ய மொழிக் கையேடு எல்லாம் சேர்த்து 70 லரி. நம் கணக்கில் 2,000 ரூபாய்க்கு மேல். கடைக்காரப் பெரியவர் அதை நடுப்பகல் வெயிலில் நீட்டினார், முள் விறுவிறுவென்று ஏறியது. கையால் மூடினார், பூஜ்யத்துக்கு வந்தது. "உறைக்குள்ளேயே இருந்தது, புதுசு" என்றார். நிழலில் ஒருமுறை பார்க்கிறேனே என்று கேட்டதற்கு மீட்டரை வாங்கி உறைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிவிட்டார். பின்னாலேயே இன்னொரு குடும்பம் விலை கேட்டு நின்றது.

பயன்படுத்தக் கற்பது பெரிய வித்தையல்ல. என்னுடைய மீட்டரில் ஃபிலிம் வேகத்துக்கு (ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்பதற்கு) பழைய சோவியத் காஸ்ட் அளவுதான்: 32, 65, 130, 250 என்று போகும். 1987-இல்தான் அந்த நாட்டு அளவு இன்றைய ஐஎஸ்ஓவோடு ஒன்றானது. அதற்கு முந்தைய அளவில் ஐஎஸ்ஓ 100 என்பது 90. வட்டில் 90 இல்லாவிட்டாலும் 65-க்கும் 130-க்கும் நட்டநடுவில் வைத்தால் போதும். படம் எடுக்கும் பொருளை நோக்கி நீட்டி, முள் காட்டும் எண்ணுக்கு வட்டைத் திருப்பினால் ஷட்டர் வேகமும் அப்பர்ச்சரும் (லென்ஸ் திறப்பின் அளவு) ஜோடி ஜோடியாக எதிரே நிற்கும். மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் பனிமலையை அளந்தால் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). சந்தேகமாக இருந்தால் உள்ளங்கையை அதே வெளிச்சத்தில் அளந்து ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். மேல்தோல் கறுப்போ சிவப்போ, உள்ளங்கை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்து எக்டாகுரோம் ஈ100 சுருளைச் சுட்டேன். அது ஸ்லைடு ஃபிலிம், அரை ஸ்டாப் பிசகினாலே முகம் காட்டிவிடும். நெகட்டிவ் ஃபிலிம் என்றால் கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கும், எனக்கும் விஷயம் தெரியாமலே போயிருக்கும். கழுவி வந்த ஸ்லைடுகளில் வெயிலில் எடுத்த கெர்கெட்டி தேவாலயமும் நரிகாலா கோட்டையும் அச்சு அசலாக இருந்தன. பழைய திபிலிசியின் மரப் பால்கனிச் சந்துகள், நிழலில் எடுத்தவை எல்லாம், வெளுத்துப் போயிருந்தன. வீட்டுக்குள் ஜன்னலோரம் எடுத்தவற்றில் ஆள் யாரென்றே தெரியவில்லை. ஷட்டர் பழுது என்றால் பெரும்பாலும் வெயில் படமும் கெட்டிருக்கும். வெளிச்சம் குறையக் குறையத் தப்பு கூடிக்கொண்டே போனது.

எனக்கு வேலையே அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பதுதான். மீட்டரின் பின்மூடியைக் கழற்றினேன். தகட்டுக்கும் முள்ளுக்கும் நடுவே இருக்க வேண்டிய மின்தடையைத் தாண்டி ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்திருந்தார்கள். ஈயம் இன்னும் பளபளப்பு போகாமல் இருந்தது. ஐம்பது வருஷத்துப் பற்றுக்கு அந்த மினுக்கம் வராது.

செலினியத் தகடு ஈரம் புகுந்தோ, வயதாகியோ சக்தி இழக்கும். தோல் உறைக்குள் இருந்தால் சாகாது என்பது விற்கிறவர்கள் பாடும் பாட்டு. தளர்ந்த தகடு கொஞ்சமாகத்தான் மின்னோட்டம் தரும். தடையை எடுத்துவிட்டால் இருக்கிற கொஞ்சமும் முழுசாக முள்ளுக்குப் போகும், வெயிலில் முள் சரியான இடத்துக்கு வந்து நிற்கும். ஆனால் முகப்பில் அச்சிட்ட அளவு அந்தத் தடையோடு சேர்த்துக் கணக்கிட்டது. அதனால் வெயிலைத் தவிர மற்ற எல்லா வெளிச்சத்திலும் குறைத்துக் காட்டும். அதை நம்பித் தேவைக்கு மேல் வெளிச்சம் விட்டதால்தான் என் படங்கள் வெளுத்தன. நோஞ்சான் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூசிச் சந்தைக்கு ஓட்டி வருகிற அதே வேலை.

பெரியவர் கொடுத்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பினேன். பதில் வந்தது: அது காஸ்ட் அளவு, உனக்குப் பார்க்கத் தெரியவில்லை. புதிதாகக் கற்கிற யாரையும் இந்தப் பதிலே மடக்கிவிடும். 90-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஸ்டாப்பில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. என் ஸ்லைடுகளில் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் போயிருக்கிறது. பற்றவைத்த கம்பியின் படத்தை அனுப்பியதும் எண்ணை பிளாக் செய்துவிட்டார். கையேட்டில் எழுதியிருந்த வரிசை எண்ணும் மீட்டரில் இருந்த எண்ணும் வேறு வேறு என்பதையும் அப்புறம்தான் கவனித்தேன். பெட்டி ஒன்றுடையது, உள்ளே இருந்தது இன்னொன்று.

அந்தச் சந்தையில் எல்லாரும் இப்படி என்று சொல்லமாட்டேன். பக்கத்து விரிப்பில் லென்ஸ் வாங்கினேன், பழுதில்லை. ஆனால் செலினிய மீட்டர் எங்கே வாங்கினாலும், ஜெனிட்-ஈ கேமராவின் நெற்றியில் இருக்கிற மீட்டரானாலும், வெயில், நிழல், கூரைக்குக் கீழே என்று மூன்று வெளிச்சத்திலாவது போனில் இருக்கும் மீட்டர் ஆப்போடு ஒத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு தள்ளிக் காட்டினால் தைரியமாக வாங்கலாம், ஃபிலிம் வேகத்தை மாற்றி வைத்துச் சமாளிக்கலாம். ஆளுக்கு ஆள் பேச்சு மாறுவதுபோல ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி தள்ளினால் கீழே வைத்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் இருட்டறையில் ஒற்றை பல்பு ஏற்றி ஒரு மீட்டர் தூரத்திலிருந்து 1.4 மீட்டருக்கு நகருங்கள், ஒரு ஸ்டாப் இறங்க வேண்டும். இரண்டு மீட்டரில் இன்னொன்று.

ஸ்வெர்ட்லோவ்ஸ்க்-4 என்ற இன்னொரு சோவியத் மீட்டரைத் தேடிப் போகிறவர்களுக்கு: அதில் செலினியம் இல்லை, பேட்டரி வேண்டும். அதற்கென்று இருந்த பாதரச பேட்டரி இன்று கடைகளில் வராது. மாற்றுப் பேட்டரி போட்டு, மீட்டரின் விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.