ஒரே படம், இரண்டு அலாவுதீன்கள்: செகாவா, சூப்பர் நின்டெண்டோவா?

1993-ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்கக் கடைகளுக்கு ‘அலாவுதீன்’ என்ற பெயரில் இரண்டு வீடியோ கேம்கள் வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான டிஸ்னியின் கார்ட்டூன் படம்தான் இரண்டுக்கும் மூலம். ஒன்று செகாவின் மெகா டிரைவ் என்ற கேம் பெட்டிக்கு; அந்த ஊரில் அதற்கு ஜெனிசிஸ் என்று பெயர். இன்னொன்று சூப்பர் நின்டெண்டோவுக்கு. ஒரே கேமைத்தான் இரண்டு பெட்டிக்கும் ஏற்ற மாதிரி மாற்றியிருப்பார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. செய்த நிறுவனம் வேறு, நாடு வேறு, அலாவுதீன் எதிரியை எதிர்கொள்ளும் விதம் வேறு. இந்தப் பதினாறு பிட் பெட்டிகளின் காலத்தில் செகாவா நின்டெண்டோவா என்ற சண்டைக்கு இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரிந்து கிடையாது.

இப்படி இரண்டாகப் பிரிந்ததற்குக் காரணம் உரிமம். நின்டெண்டோ பெட்டிகளுக்கு டிஸ்னி கேம்கள் செய்து பழகிய நிறுவனம் ஜப்பானின் கேப்காம். 1989-இல் வந்த ‘டக்டேல்ஸ்’ அவர்களுடையதுதான். செகா தன் பெட்டிக்கான உரிமையைத் தனியாக வைத்திருந்தது. அந்த வேலை கலிஃபோர்னியாவில் இருந்த விர்ஜின் கேம்ஸிடம், டேவிட் பெரி தலைமையிலான குழுவிடம் போனது. கேப்காம் பக்கம் கேமை வடிவமைத்தவர் ஷின்ஜி மிகாமி. மூன்றே ஆண்டுகளில் ‘ரெசிடென்ட் ஈவில்’ என்ற திகில் கேமை எடுத்து உலகத்தையே பயமுறுத்திய அதே மிகாமி.

முதலில் செகா கேம். இதைப் பார்த்தவர்கள் அன்று வாய் பிளந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதுவரை கேம் உருவங்களைப் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக வைத்து வரைவார்கள். இங்கே டிஸ்னியின் ஓவியர்களே காகிதத்தில் பென்சிலால் வரைந்தார்கள். அந்தத் தாள்களைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, சுருக்கி, வண்ணம் கொடுத்து, பெட்டியில் செருகும் கார்ட்ரிட்ஜில் அடைத்தது விர்ஜின் குழு. இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் டிஜிசெல். பதினாறு மெகாபிட், அதாவது இன்றைய கணக்கில் இரண்டே மெகாபைட்டுக்குள் இத்தனை படங்களையும் அடக்கியிருக்கிறார்கள். இன்று ஃபோனில் எடுக்கும் ஒற்றைப் புகைப்படத்துக்கே பெரும்பாலும் அந்த இடம் போதாது.

விளைவு எப்படி இருக்கிறது? அலாவுதீன் ஓடி வந்து நின்றால், நின்ற பிறகும் உடம்பு கொஞ்சம் முன்னால் போய்த் திரும்பி வருகிறது. சும்மா விட்டால் ஆப்பிளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறான். சந்தையில் ஒரு தடிக் காவலாளி நெருப்புக் கங்குகளின் மேல் கால் வைத்துத் துள்ளித் துள்ளி வருவான். ஒட்டகத்தின் முதுகில் குதித்தால் அது எச்சில் உமிழ்ந்து எதிரியை வீழ்த்தும். பாலைவன ஸ்டேஜில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே மிக்கி மவுஸ் காது வைத்த தொப்பி தொங்கும். கேமை முடிக்க இதெல்லாம் தேவையே இல்லை. வரைந்தவர்கள் ஆசைப்பட்டு வைத்தவை அவை. ஆசைப்பட்டுச் செய்த வேலையைக் கண் உடனே கண்டுகொள்கிறது.

இதில் வியப்பு என்னவென்றால், வண்ணத்தில் மெகா டிரைவ்தான் ஏழை. மொத்தம் 512 வண்ணங்கள். திரையில் ஒரே நேரத்தில் சாதாரணமாக 64 வரைதான் காட்டலாம். சூப்பர் நின்டெண்டோவிடம் 32,768 வண்ணங்கள் இருந்தன. ஒரே நேரத்தில் 256 வரை காட்டும். ஆனால் இரண்டையும் அருகருகே ஓடவிட்டுப் பாருங்கள், படத்தைப் போலவே தெரிவது செகா கேம்தான். நல்ல கோடு இருந்தால் வண்ணம் குறைவது பெரிதாகத் தெரிவதில்லை.

சரி, பார்க்க அழகு. விளையாட?

இங்கேதான் எனக்குச் சிக்கல். என் முதல் அலாவுதீன் செகாவுடையதுதான். நேரடியாக அல்ல; தொண்ணூறுகளில் நம் ஊரில் டிவி கேம் என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தைய தலைமுறையின் எட்டு பிட் நகல் பெட்டிகள்தான். ஆனால் செகா கேமை 1994-இல் டாஸ் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்கள் பலருக்கும் தெரிந்த அலாவுதீன் அதுதான். நான் அத்தை வீட்டில் விளையாடினேன். கீபோர்டில் ஒரு விரலால் வாள், இன்னொரு விரலால் ஆப்பிள். முதல் ஸ்டேஜை மட்டும் நூறு முறையாவது ஆடியிருப்பேன்.

பெரியவனாகித் திரும்ப ஆடியபோதுதான் ஒன்று புரிந்தது. நூறு முறை ஆடியது ஆசையால் மட்டுமில்லை. அடுத்தடுத்த ஸ்டேஜ்களில் சிக்கிச் சிக்கித் திரும்ப முதலில் இருந்து தொடங்கியதாலும்தான். எந்தப் பலகையில் நிற்கலாம், எது பின்னணிப் படம் மட்டும் என்று பல இடங்களில் தெரியாது. வாள் எதிரியின் மேல் பட்ட மாதிரி இருக்கும், பட்டிருக்காது. எதிரியின் கத்தி படாத மாதிரி இருக்கும், பட்டிருக்கும். இதை ஆட்ட வடிவமைப்பில் இருக்கும் குறை என்றே சொல்வேன். கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்பதில் தெளிவில்லாத ஓட்டக் கேம் கையைக் கட்டிப்போடுகிறது. விட்ட இடத்திலிருந்து தொடர பாஸ்வேர்டும் கிடையாது. நடுவில் வரும் வியாபாரியிடம் ரத்தினக் கற்களைக் கொடுத்து லைஃபும், தோற்ற பிறகு தொடர்ந்து ஆடும் வாய்ப்பும் வாங்கலாம், அவ்வளவுதான்.

அப்புறம் கேப்காம் கேம். முதல் பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும். உருவம் சின்னது, அசைவில் அந்தப் பென்சில் மினுமினுப்பு இல்லை. கையில் வாள் இல்லை. எதிரியின் தலையில் குதிக்கலாம். ஆப்பிள் எறிந்தால் கொஞ்ச நேரம் திகைத்து நிற்பான், அவ்வளவுதான். ஆனால் பத்து நிமிடம் ஆடிவிட்டுச் சொல்லுங்கள். ஓடுகிறான், சுவரின் விளிம்பைப் பிடித்துத் தொங்கி ஏறுகிறான், கம்பத்தைப் பிடித்துச் சுழன்று அடுத்த கம்பத்துக்குப் பாய்கிறான், தலையில் மிதித்து எம்பிக் குட்டிக்கரணம் போடுகிறான், ஒரு துணியை விரித்துக் காற்றில் மிதந்து இறங்குகிறான். இவை எல்லாம் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு போகின்றன. ஒரு ஓட்டத்தின் முடிவு அடுத்த தாவலின் தொடக்கமாக இருக்கும்படி ஒவ்வொரு கம்பத்தையும் அளந்து வைத்திருக்கிறார்கள். தவறி விழுந்தால் அது நம் தவறு என்று உடனே தெரிகிறது. அதனால் கோபம் வருவதில்லை, இன்னொரு முறை பார்க்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் அலாவுதீன் யார்? ரொட்டியைத் திருடிவிட்டுக் கூரை கூரையாகத் தாவித் தப்பிக்கிற தெருப் பையன். அவன் பலமே ஓட்டமும் சமயோசிதமும். வாளை எடுத்து எதிர்த்து நிற்பது முக்கியமாகக் கடைசியில், வில்லன் ஜாஃபர் பாம்பாக மாறிய பிறகுதான். செகா கேமில் முதல் நொடியிலிருந்தே வெட்டிக்கொண்டு போகிறோம்; கடைசியில் பாம்பு ஜாஃபர் வரும்போதோ ஆப்பிள் எறிந்துதான் ஜெயிக்கிறோம். படத்துக்கு நேர் தலைகீழ். கேப்காம் குழு படத்தின் முகத்தை அவ்வளவு நன்றாக வரையவில்லை, ஆனால் அந்தப் பையனின் குணத்தைப் பிடித்துவிட்டது.

மிகாமியே பிற்காலத்தில் ஒரு பேட்டியில், தான் இந்தக் கேமைச் செய்திருக்காவிட்டால் செகாவுடையதைத்தான் வாங்கியிருப்பேன் என்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறார். அதில் அனிமேஷனும் நன்றாக இருக்கிறது, வாளும் இருக்கிறது என்பது அவர் கணக்கு. அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் இதில் அவர் தன் வேலையைக் குறைத்து மதிப்பிடுகிறார் என்றே நினைக்கிறேன். வாள் இல்லாததுதான் அவருடைய கேமைக் காப்பாற்றியது. வெட்டிவிட்டுப் போகலாம் என்ற வழி அடைபட்டதால்தான் தாவுவதற்கு இத்தனை வழிகள் பிறந்தன.

கேப்காம் கேமுக்கும் குறை உண்டு. எளிது, சீக்கிரம் முடிந்துவிடும். கதாபாத்திரங்களின் முகங்களை வரிசைப்படுத்தும் பாஸ்வேர்டும் இருப்பதால், பழகியவர்களுக்கு ஒரு மாலைப் பொழுதே போதும். படத்தில் இல்லாத பிரமிட் ஸ்டேஜ் எனக்கு ஒட்டவில்லை. நகைச்சுவையிலும் செகா பக்கம்தான் கை ஓங்கியிருக்கிறது.

இசையில் நான் யார் பக்கமும் சாய மாட்டேன். செகாவின் யமஹா சில்லு உலோகத் தட்டு மாதிரி கூர்மையாக ஒலிக்கும். சந்தை ஸ்டேஜின் துள்ளலுக்கு அது பொருத்தம். சூப்பர் நின்டெண்டோவில் சோனி செய்த ஒலிச் சில்லு, வாத்தியங்களின் பதிவுத் துணுக்குகளை வைத்து வாசிப்பதால் மென்மையாக இருக்கும்.

இன்று இரண்டையும் ஆட வழி இருக்கிறது. 2019-இல் டிஸ்னியின் பழைய கேம்களைப் புதிய கன்சோல்களுக்குத் தொகுத்து வெளியிட்டபோது செகா அலாவுதீன் இருந்தது, கேப்காமுடையது இல்லை. 2021-இல் வந்த விரிவான தொகுப்பில் கேப்காம் கேமும் சேர்ந்தது. அதில் தவறிவிட்டால் பின்னோக்கி ஓட்டிக்கொள்ளும் வசதி இருப்பதால், செகா கேமின் முரட்டு இடங்களும் தாங்கக்கூடியவை ஆகிவிட்டன. வீட்டில் குழந்தை இருந்தால் முதலில் கேப்காமைக் கொடுங்கள். அனிமேஷன் பழகும் பிள்ளை என்றால் செகாவைக் கொடுத்து, காவலாளிகள் ஒவ்வொருவரும் அடிபடும்போது என்ன செய்கிறார்கள் என்று கவனிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் கேப்காமைத்தான் எடுப்பேன். காரணம் பறக்கும் கம்பளம். செகா கேமில் கம்பளப் பயணம் என்பது எரிமலைக் குழம்புக்கு மேலே ஒரே ஓட்டம். மேலே போ, கீழே போ என்று ஒரு கை கணநேரம் காட்டும், நாம் திருப்புவதற்குள் பாறை வந்து மோதும். கேப்காமிலும் குகையிலிருந்து அப்படித் தப்பிக்கும் கட்டம் உண்டு. ஆனால் அதற்கப்புறம் இன்னொரு கம்பளப் பயணமும் வைத்திருக்கிறார்கள். இரவு வானம், பக்கத்தில் இளவரசி ஜாஸ்மின், படத்தின் காதல் பாட்டு. எதிரி யாரும் வருவதில்லை. ரத்தினக் கற்களை எடுத்தால் எடுக்கலாம், விட்டாலும் பரவாயில்லை. நான் ஒவ்வொரு முறையும் பாதியில் கற்களை விட்டுவிட்டுச் சும்மா பறந்துகொண்டிருப்பேன்.