ஆன்கியில் மூன்று வருடம்: அட்டையும் அட்டையும்

எங்கள் மேலாளர் ஓய்வு பெற்றபோது, வாழ்த்து அட்டையில் அவரை 'ஆப்ஸ்டினேட்' என்று புகழ்ந்து எழுதிவைத்தேன். நான் மனப்பாடம் செய்திருந்த பொருள் 'விடாப்பிடியான'. மனிதர் விடாப்பிடியாக உழைத்தவர்தானே! ஆனால் ஆங்கிலத்தில் அது வறட்டுப் பிடிவாதக்காரருக்குச் சொல்வது. எழுதியிருக்க வேண்டியது 'பெர்சிஸ்டென்ட்'. அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் ஒரு வாரம் தூக்கம் கெட்டது.

அப்போது ஆன்கிக்கு வந்து எட்டு மாதம். கேள்வி ஒரு பக்கம், விடை மறுபக்கம் என்று அட்டைகள் காட்டி மனப்பாடம் செய்ய உதவும், 2006-ல் வெளிவந்த செயலி இது. பெயருக்கு ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருள். ('அங்கி' என்று எழுதினால் பாதிரியார் ஞாபகம்தான் வருகிறது.) ஒரு அட்டையை நாம் மறக்கப்போகும் சமயம் பார்த்து மறுபடி முன்னால் நீட்டும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் மட்டும் காசு.

நான் செய்த தவறு, யாரோ தயாரித்து வைத்திருந்த நாலாயிரம் சொல் அட்டைக் கட்டு ஒன்றை அப்படியே இறக்கிக்கொண்டது. முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள். பொருள் தெரிந்தது, புழங்கத் தெரியவில்லை. மொத்தத்தையும் அழித்துவிட்டு, நானே படித்த வாக்கியங்களில் ஒரு சொல்லை மறைத்து அட்டை செய்ய ஆரம்பித்தேன். வங்கித் தேர்வுக்குப் படித்தவர்களுக்குப் பழகிய க்ளோஸ் டெஸ்ட்தான். அமெரிக்காவில் வில்சன் டெய்லர் 1953-ல் இதைக் கொண்டுவந்தது மாணவர்களைச் சோதிக்க அல்ல. ஒரு உரைநடை வாசிக்க எவ்வளவு எளிது என்று அளக்க.

என் முதல் அட்டைகள் எல்லாம் நம் 'போடு' கிளப்பிவிட்டவை. காப்பி போடுகிறோம், சட்டை போடுகிறோம், கோலம் போடுகிறோம், ஊசி போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். ஆங்கிலத்தில் காப்பிக்கு 'மேக்', சட்டைக்கு 'வேர்', கோலத்துக்கு 'ட்ரா', ஊசிக்கு 'கிவ்'. மழை எவ்வளவு பெரிதாகப் பெய்தாலும் 'ஹெவி'தான், 'பிக்' இல்லை. காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. பள்ளிக்கூடத்தில் மரபுச் சொற்கள் படித்தோமே, அதேதான்: மாவிலை, தென்னை ஓலை, வேப்பந்தழை, குயில் கூவும், மயில் அகவும். மயில் கூவியது என்று எழுதினால் தமிழாசிரியர் சுழித்த அதே சிவப்பு மையைத்தான் நான் ஆங்கிலத்தில் வாங்கிக்கொண்டிருந்தேன். சில இடங்களில் தமிழே கைகொடுக்கும். புண் ஆறும், நோய் குணமாகும் என்று பிரித்துச் சொல்லும் நமக்கு 'ஹீல்', 'க்யூர்' ஒரே நாளில் படிந்துவிட்டது.

தொந்தரவுகளும் உண்டு. மழைக்கு முன்னால் கோடு போட்டால் 'ஹெவி'யும் பொருந்தும், 'லைட்'டும் பொருந்தும். அதனால் பக்கத்தில் 'கனத்த' என்று ஒரு குறிப்பு வைப்பேன். இன்னொன்று, கொஞ்ச நாளில் வாக்கியத்தின் முதல் இரண்டு சொல்லைப் பார்த்ததுமே விடை வந்துவிடும். மூளை சொல்லைக் கற்கவில்லை, வாக்கியத்தின் முகத்தை அடையாளம் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஒரு சொல்லுக்கு மூன்று வேறு வாக்கியங்கள் செய்த பிறகே இது அடங்கியது. ஆரம்பத்தில் செயலி தானாக வைக்கும் நாளுக்கு 20 புது அட்டை என்ற கணக்கை நம்பாதீர்கள். ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்வந்தால் நானூறு அட்டை வாசலில் நிற்கும். நான் 5-க்குக் குறைத்துவிட்டேன். காலையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும்.

மின்னஞ்சல் எழுதும்போது கை நின்று யோசிக்கிறது, அது லாபம். பேச்சில் அந்த நிதானம் வரவில்லை. 'டிஸ்கஸ்' என்றதும் நம் 'பற்றி' ஓடிவந்து, அங்கே வரக்கூடாத 'அபவுட்' ஆக ஒட்டிக்கொள்கிறது. அட்டையில் தவறாமல் சரியாகச் சொல்கிறேன், கூட்டத்தில் தவறாமல் உளறுகிறேன்.

எட்டு முறை தவறிய அட்டையை ஆன்கி 'லீச்' என்று முத்திரை குத்தி ஒதுக்கிவைக்கும். லீச் என்றால் ரத்தம் உறிஞ்சும் அட்டை. அட்டையே அட்டையாகிவிடுகிற வேடிக்கை தமிழனுக்கு மட்டும்தான் கிடைக்கும். 'லை' (படுப்பது), 'லே' (கிடத்துவது) இரண்டையும் இதுவரை மூன்று தடவை ஒதுக்கியிருக்கிறது. மூன்றாவது தடவையாக நேற்று வெளியே எடுத்துவிட்டிருக்கிறேன்.